டெமோவுல அல்வா கொடுக்காதீங்க!

நெல்லை டவுன் கீழ ரத வீதிக்கு சாயங்கால நேரத்துல போயிருக்கீங்களா? நெல்லையப்பர் கோவிலுக்கு எதிர்ல இருட்டுக்கடை முன்னாடி ஒரு கூட்டம் நிக்கும். முண்டியடிச்சுப் போய் கையை நீட்டினா, இலையில சுடச்சுட ஒரு துண்டு அல்வா விழும். நெய் விரலிடுக்குல வழியும். அடடா! அதே அல்வாவைக் கால் கிலோ பார்சல் கட்டிக்கிட்டு நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறி, மறுநாள் காலையில சென்னை ஹாஸ்டல்ல பிரிச்சுப் பாருங்க. ருசி அப்படியே இருக்கும். சூடு மட்டும்தான் குறைஞ்சிருக்கும்.

இதுல கடைக்காரர் மேல ஒரு தப்பும் இல்லை. கையில கொடுத்ததும், பார்சல்ல கட்டினதும் ஒரே சட்டி அல்வா. ஆனா, ருசி பார்க்க ஒரு சட்டி, பார்சல் கட்ட வேற சட்டின்னு வெச்சிருந்தா? அதுக்குப் பேருதான் நம்ம ஊர் பாஷையில 'அல்வா கொடுக்கிறது'.

நான் ஒருத்தருக்கு அப்படி அல்வா கொடுத்திருக்கேன் ஃப்ரெண்ட்ஸ். கோதுமை அல்வா இல்லை, ஸ்பீக்கர் பெட்டி அல்வா! சிம்போசியம், புராஜெக்ட் எக்ஸ்போ, கல்ச்சுரல்ஸ் ஸ்டால்னு நீங்களும் என்னைக்காவது ஒரு டெமோ போடத்தான் போறீங்க. அதுக்கு முன்னாடி என் கதையைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க.

ரேடியோ செட் சித்தப்பா

2006. பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல நான் இரண்டாம் வருஷம் பிசிக்ஸ். என் சித்தப்பாவுக்கு அம்பாசமுத்திரம் போற ரோட்டுல ஒரு ரேடியோ செட் கடை. பங்குனி பொறந்துட்டா ஆடி வரைக்கும் ஆள் கையில சிக்க மாட்டார். அம்மன் கொடை, சுடலைமாடன் கொடை, கல்யாணம், சடங்கு வீடுன்னு ஓடிக்கிட்டே இருப்பார். வேப்ப மரத்துல நாலு திசைக்கும் நாலு குழாய் கட்டி, விடியக்காலம் முதல் பாட்டைப் போட்டார்னா பக்கத்து ஊர்ல மாடு பத்துறவன் தலை நிமிர்ந்து பார்ப்பான். சீசன் முடிஞ்சா? கடையில ஈ ஓட்டணும்.

அந்த வருஷம் சித்தப்பாவுக்கு ஒரு ஐடியா வந்தது. வீட்டுல பாட்டு கேட்க ஸ்பீக்கர் பெட்டி செஞ்சு வித்தா என்ன? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் 8 இஞ்ச் ஊஃபரும் டிவீட்டரும் வாங்கிட்டு வந்தார். முக்கால் இஞ்ச் பிளைவுட்ல பெட்டி அடிச்சார். ஒரு பெட்டிக்கு ரெண்டு ஊஃபர், ஒரு டிவீட்டர். மொத்தம் 12 ஜோடிக்குச் சாமான் இறக்கியாச்சு. காசு? சித்தியோட ரெட்டைவடச் செயின் அடகுக்கடைக்குப் போச்சு. "ஆடிக்குள்ள மீட்டுருவேன்"னு சித்தப்பா சொன்னார். சித்தி ஒண்ணும் சொல்லலை. அதுதான் பயமா இருந்துச்சு.

எங்க காலேஜ்ல எக்ஸிபிஷன் வந்தது. "நான் ஸ்டால் போடுதேன் சித்தப்பா, வித்துக் காட்டுதேன்"னு மார் தட்டினேன். தட்டினவன் சும்மா இருந்தானா? இல்லையே!

நான் செஞ்ச 'செட்டிங்'

என்னோட டெமோவுக்கு நான் பொறுக்கின சாமான்கள் இதுதான். எண்ணிக்குங்க.

கொடைக்குப் போற 250 வாட் ஆம்ப்ளிபயர். நடுவுல ஒரு ஈக்வலைசர். பேஸ் பக்கம் மேல, டிரெபிள் பக்கமும் மேல, நடுவுல பள்ளம்... சிரிக்கிற வாய் மாதிரி! ஈக்வலைசரை மேஜைக்கு அடியில துணி போட்டு மூடியாச்சு. பெட்டி ரெண்டையும் ஹால் மூலையில தள்ளி வெச்சேன். மூலையில வெச்சா ரெண்டு பக்கச் சுவரும் தரையும் சேர்ந்து பேஸைத் தூக்கிக் கொடுக்கும், அது பிசிக்ஸ். பாட்டு? டமடமன்னு அதிர்ற ஒரு குத்துப் பாட்டு. அதுக்கு மேல ஒரு வேலை பண்ணேன். பக்கத்துல ஃப்ரெண்டோட ரெடிமேட் கம்பெனி செட் ஒண்ணை வெச்சு, "இது கம்பெனி, இது நம்ம ஊரு"ன்னு மாத்தி மாத்திப் போட்டேன். கம்பெனி செட்டை வேணும்னே கொஞ்சம் சத்தம் குறைச்சு!

கூட்டம் பிச்சுக்கிச்சு. பொண்ணுங்க எல்லாம் காதைப் பொத்திக்கிட்டே சிரிச்சாங்க. (அன்னைக்கு நான்தாங்க ஹீரோ!) மூணு ஆர்டர். அதுல ஒருத்தர் சேரன்மகாதேவியில இருந்து வந்திருந்த ரிட்டயர்டு போஸ்ட்மேன் அண்ணாச்சி. பேத்தி எங்க காலேஜ்ல படிச்சா, அவளைப் பார்க்க வந்தவர். கையைப் பின்னால கட்டிக்கிட்டு அரைமணி நேரம் நின்னு கேட்டார். மறுநாள் சித்தப்பா கடைக்கே நேரா போய் 5,500 ரூபாயை எண்ணி வெச்சுட்டு, பெட்டியை பஸ்லயே ஏத்திட்டுப் போயிட்டார்.

"பொழச்சுக்கிடுவ மக்கா"ன்னு சித்தப்பா என் முதுகுல தட்டினார்.

"எது தம்பி உங்க பெட்டி?"

ரெண்டு வாரம் கழிச்சு அண்ணாச்சி கடைக்கு வந்தார். கையில ஒரு துணிப்பை. திட்டலை, சத்தம் போடலை. "தம்பி, ஒரு நடை வீட்டுக்கு வந்து கேட்டுட்டுப் போங்க"ன்னார், அவ்வளவுதான்.

போனேன். கன்னடியன் கால்வாய்ப் பக்கம் சின்ன ஓட்டு வீடு. பெட்டி ரெண்டும் மரப்பெஞ்சு மேல, பூப்போட்ட துணி விரிச்சு, குங்குமம் எல்லாம் வெச்சு இருந்தது. அவர்கிட்ட இருந்தது ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப். பக்கத்துக்கு 15 வாட். அதோட ஒரு கேசட் டெக்.

அவர் போட்டது குத்துப் பாட்டு இல்லைங்க. வில்லுப்பாட்டு கேசட். ஊர்க் கொடையில அவரே பதிவு பண்ணது. அந்தக் குழுவுல குடம் அடிச்சவர் அவரோட அண்ணன், செத்து ஏழெட்டு வருஷம் ஆச்சாம். "அவன் குடத்துச் சத்தத்தை ஒருக்கா நல்லா கேக்கணும்னுதான் வாங்கினேன்"னார்.

கேட்டேன். புலவர் குரல் போர்வைக்குள்ள இருந்து வந்தது. உடுக்கை இருக்கு. வில்லுல கட்டின மணி கொஞ்சம் கேக்குது. குடம்? கும்முன்னு விழ வேண்டிய இடத்துல 'பொத்'துன்னு ஒரு ஓசை. சத்தத்தைக் கூட்டினா கரகரப்பு. கால் மணி நேரத்துல ஆம்ப் மேல கை வைக்க முடியலை, அவ்வளவு சூடு. இதே மாதிரி கேட்டுக் கேட்டு, முந்தின வாரம் ஒரு சேனல் பொசுங்கி, நூறு ரூபாய்க்கு யாரோ ஒட்டவெச்சுக் கொடுத்திருந்தாங்க. நான் இருக்கும்போதே மறுபடியும் புகைஞ்சு நின்னுச்சு.

அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கேட்டார்: "அன்னைக்கு அங்க கேட்டேன்லா தம்பி... அது இந்தப் பெட்டிதானா? இல்ல வேற எதுவுமா?"

பதில் சொல்ல வாய் வரலை. ஏன்னா அன்னைக்கு அவர் கேட்டதுல பெட்டி பாதிதான். மீதி 250 வாட் ஆம்ப், மேஜைக்கு அடியில இருந்த ஈக்வலைசர், ஹாலோட மூலை. அதுல எதுவுமே அவர் கொடுத்த 5,500 ரூபாய்ல வரலை.

எங்கே சறுக்கிச்சு?

பிசிக்ஸ் படிக்கிறவன்தானே, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் பாருங்க, ஈஸிதான்.

ஒண்ணு: ஒவ்வொரு ஊஃபரும் 8 ஓம். ரெண்டையும் பேரலலா சேர்த்தா 4 ஓம். அண்ணாச்சி ஆம்ப் பின்னாடி 'குறைந்தது 8 ஓம்'னு எழுதியே இருந்தது. 4 ஓம் மாட்டினா, அதே வோல்ட்டேஜுக்கு ரெண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். சின்ன ஆம்ப் பாவம், என்ன செய்யும்? பொசுங்கும். கொடை ஆம்ப் 4 ஓமை அலட்சியமா ஓட்டும், அதனால டெமோவுல இது தெரியவே இல்லை.

ரெண்டு: ஈக்வலைசர்ல பேஸை 6 டெசிபல் ஏத்தினா, அந்த இடத்துல மட்டும் ஆம்ப் 4 மடங்கு பவர் கொடுக்கணும். 10 டெசிபல்னா 10 மடங்கு. 250 வாட்ல இது நடக்கும். 15 வாட்ல நடக்குமா?

மூணு: நம்ம காது. 1933-லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் அளந்து சொல்லிட்டாங்க. சத்தம் குறையக் குறைய நம்ம காதுக்கு பேஸ் ரொம்பவே குறைவாக் கேட்கும். ஹால்ல அலற விட்டுக் காட்டின பெட்டி, ராத்திரி பத்து மணிக்கு வீட்டுல மெதுவா வெச்சா சப்புன்னுதான் இருக்கும்.

நாலு: சத்த வித்தியாசம். பக்கத்துப் பெட்டியைவிட ஒண்ணு ரெண்டு டெசிபல் கூட வெச்சாலே போதும். 'சத்தம் ஜாஸ்தி'ன்னு யாருக்கும் தோணாது. 'இது கிளியரா இருக்குப்பா'ன்னுதான் தோணும். நான் செஞ்ச அந்தச் சின்னத் திருட்டு, உலகம் பூரா ஸ்பீக்கர் விக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச பழைய திருட்டு.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை

அமெரிக்காவுல 1915-ல இருந்து பத்து வருஷம் எடிசன் கம்பெனி ஊர் ஊரா ஒரு நிகழ்ச்சி நடத்தினாங்க. பேரு 'டோன் டெஸ்ட்'. மேடையில பாடகி பாடுவாங்க, பக்கத்துல எடிசனோட ஃபோனோகிராஃப். நடுவுல விளக்கை அணைப்பாங்க. விளக்கு வந்தா மேடையில பாடகியைக் காணோம், பாட்டு மட்டும் ஓடிக்கிட்டு இருக்கும்! ஜனம் அசந்து போச்சு. ஆனா பாடகிகள் மெஷினோட சத்தத்துக்கு ஏத்த மாதிரி தங்கள் குரலை அடக்கிப் பாடினாங்கங்கிறது பின்னாடி வெளியே வந்தது. மெஷின் மனுஷி மாதிரி பாடலை, மனுஷி மெஷின் மாதிரி பாடினாங்க!

இன்னொரு பக்கமும் உண்டு. இங்கிலாந்துல வார்ஃப்டேல் ஸ்பீக்கர் கம்பெனியை ஆரம்பிச்ச கில்பர்ட் பிரிக்ஸ், 1954 நவம்பர்ல லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால்ல ஒரு டெமோ வெச்சார். சுமார் 3,000 பேர் உட்கார்ற ஹால் நிரம்பி வழிஞ்சது. மேடையில நிஜ இசைக் கலைஞர்கள் வாசிப்பாங்க, அடுத்து அதே மாதிரி ரெக்கார்டிங் ஸ்பீக்கர்ல வரும். ஒப்பிட்டுப் பார்த்துக்கோன்னு ஜனங்ககிட்டயே விட்டுட்டார். ஆம்ப்ளிபயர் பக்கம் துணைக்கு நின்னவர் குவாட் கம்பெனியின் பீட்டர் வாக்கர். அந்தக் காலத்து குவாட் 2 ஆம்ப், கடையில எவரும் வாங்கக்கூடிய சாமான். அதோட பவர் எவ்வளவு தெரியுமா? 15 வாட்! நம்ம அண்ணாச்சி வீட்டுல இருந்த அதே 15.

ரெண்டு டெமோவும் கைதட்டல் வாங்கிச்சு. ஒண்ணு இருட்டுல மறைச்சு வாங்கிச்சு, இன்னொண்ணு எதிர்ல நிறுத்திக் காட்டி வாங்கிச்சு.

சித்தப்பா என்ன செஞ்சார்?

திட்டுவார்னு நினைச்சேன். எல்லாத்தையும் சொல்லி முடிச்சதும் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டார்: "ஏல, ஈக்வலைசரை எதுக்குத் துணி போட்டு மூடின?"

அவ்வளவுதான் கேட்டார். அதுக்கு என்கிட்ட ஒரு பதில்தான் இருந்தது, அது எனக்கே பிடிக்கலை.

அன்னைக்கே அண்ணாச்சி வீட்டுக்கு பைக்ல போய் 5,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அவர் ஆம்பை வாங்கிட்டு வந்து, அவுட்புட் ஐசி மாத்தி, காசு வாங்காம சரி பண்ணிக் கொடுத்தார். மத்த ரெண்டு ஆர்டர்காரங்ககிட்டயும் போய், "உங்க வீட்டு ஆம்ப்ல போட்டுக் காட்டுதேன், புடிச்சா எடுங்க"ன்னார். ஒருத்தர் எடுத்தார். ஒருத்தர் வேண்டாம்னுட்டார். ஆடி வந்தது. செயின் வரலை. சித்தி அப்பவும் ஒண்ணும் சொல்லலை.

அப்புறம் பெட்டியை மாத்தினார். ஒரு ஊஃபரைக் கழட்டி, ஓட்டையை அடைச்சு, உள்ளே தடுப்புப் பலகை வெச்சு கொள்ளளவைக் குறைச்சார். இப்போ பெட்டி 8 ஓம். முன்ன மாதிரி சத்தம் வராது, ஆனா எந்த வீட்டு ஆம்புக்கும் பாரம் இல்லை. "அடுத்த வருஷம் நீயே போய் போடு. என்ன சாமான் வேணும்னு நீயே எழுதிக் கொண்டா"ன்னார்.

அந்த லிஸ்ட்தான் இன்னைக்கு வரைக்கும் என் பொழப்பு. இப்போ சென்னையில ஒரு ஆடியோ கம்பெனியில டெமோ போடுறதுதான் என் வேலை. நீங்க ஸ்பீக்கர் டெமோ போடாட்டியும் பரவாயில்லை. ரோபோ டெமோவா இருந்தாலும், ஆப் டெமோவா இருந்தாலும் இதுல பாதி செல்லும்.

டெமோவுக்கு என்ன எடுக்கணும்?

ஆம்ப்: வாங்கப் போறவர் வீட்டுல இருக்கிற மாதிரி ஒண்ணு கண்டிப்பா வேணும். 'அப்போ நல்ல ஆம்ப் போடவே கூடாதா?'ன்னு கேட்பீங்க. போடலாம். நியாயமும் இருக்கு: ஆம்ப் மோசமா இருந்தா பெட்டியோட முழு சாமர்த்தியம் வெளியே வராது. ஜெர்மனி மியூனிக் நகரத்துல 2004-ல இருந்து 2025 வரைக்கும் நடந்த 'ஹை எண்ட்' மாதிரி பெரிய ஷோக்கள்ல, பெட்டி விலையைவிடப் பல மடங்கு விலையுள்ள ஆம்ப் மாட்டிக் காட்டுறது சகஜம். அதுல தப்பு எங்க வருதுன்னா, சொல்லாம விடும்போது. அதனால என் வழக்கம் இது: முதல்ல சாதா ஆம்ப். அப்புறம் பெரிய ஆம்ப். எது ஓடுதுன்னு வாயால சொல்லிட்டு, ஒரு அட்டையில மொத்த சாமான் பேரையும் விலையையும் எழுதி மேஜை மேலயே வெச்சிருவேன். மேஜைக்கு அடியில எதுவும் கிடையாது!

ஓமும் சென்சிடிவிட்டியும்: பெட்டி எத்தனை ஓம், ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர்ல எத்தனை டெசிபல், இந்த ரெண்டையும் பாருங்க. 87 டெசிபல் பெட்டிக்கும் 90 டெசிபல் பெட்டிக்கும் மூணுதானே வித்தியாசம்னு நினைக்காதீங்க. அதே சத்தம் வர 87 பெட்டிக்கு ரெண்டு மடங்கு பவர் வேணும். நம்ம குழாய் ஸ்பீக்கர் ஏன் சின்ன ஆம்ப்லயே ஊருக்கே கேக்குதுன்னா, அதோட சென்சிடிவிட்டி அவ்வளவு அதிகம். பேஸ் வராது, ஆனா அதுக்கு வெச்ச வேலை அது இல்லையே! ஊரைக் கூப்பிடத்தானே கட்டுறோம்?

சோர்ஸ்: அப்போ 128 கேபிபிஎஸ் எம்பி3 சிடியை விசிடி பிளேயர்ல போட்டேன். வில்லுப்பாட்டு மணியோசை அதுல நசுங்கிப் போகும். இப்போ ஒரு ஒரிஜினல் சிடியோ, நசுக்காத ஃபைலோ வெச்சுக்குவேன். ஆனா கேட்க வர்றவங்க ஃபோன்ல புளூடூத்லதான் கேட்கப் போறாங்கன்னா, அதையும் ஒரு தடவை போட்டுக் காட்டணும்.

சத்த அளவு: ரெண்டு பெட்டியை ஒப்பிட்டா, சத்தம் சமமா இருக்கணும். 'சர்ர்ர்'னு பிங்க் நாய்ஸ் போட்டு, உட்கார்ற நாற்காலியில இருந்து ஃபோன் ஆப்ல அளந்தாலே ஒப்பிடறதுக்குப் போதும். ஒரே பெட்டியில ரெண்டு ஆம்பை ஒப்பிடறீங்களா? 50 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, பெட்டி டெர்மினல்ல சாதா மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்ல வெச்சுப் பாருங்க. ரெண்டும் ஒரே வோல்ட் காட்டணும். 8 ஓம்ல 2.83 வோல்ட்னா ஒரு வாட். பிசிக்ஸ் லேப்ல தூங்கினவங்களுக்குக்கூட இது புரியும்! ஒண்ணு மறக்காதீங்க: 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல நின்னா காதுக்கு ஆபத்து. ஸ்டால்ல நாள் பூரா நிக்கப் போறது நீங்கதான்.

பாட்டு: நமக்குப் பிடிச்சது இல்லை, பெட்டியைக் காட்டிக் கொடுக்கிறது. என் முதல் பாட்டு இன்னைக்கும் வில்லுப்பாட்டுதான். குடம் பேஸைச் சொல்லிடும், உடுக்கை நடுவைச் சொல்லிடும், வில்லு மணியும் தாளமும் மேல் பக்கத்தைச் சொல்லிடும், புலவர் குரல் மொத்தத்தையும் சொல்லிடும். 1963-ல ஆரம்பிச்ச நம்ம திருநெல்வேலி வானொலியில செய்தி வாசிக்கிற குரல் இருக்கு பாருங்க, அந்த மாதிரி வெறும் பேச்சுக் குரலையும் போடுங்க. மனுஷக் குரல் கொஞ்சம் பிசகினாலும் எல்லார் காதுக்கும் தெரிஞ்சிடும். கடைசியில, வந்தவங்க கொண்டு வந்த பாட்டு. அதுக்கு இடம் கொடுக்காத டெமோ எனக்கு சந்தேகம்தான்.

ரூம்: வெறும் சுவரும் சிமெண்டுத் தரையும் இருக்கிற கிளாஸ்ரூம் எல்லாத்தையும் எதிரொலிக்கும். நாங்க பத்தமடைப் பாயைச் சுவர்ல தொங்கவிட்டுப் பார்த்தோம். பார்க்க அழகா இருந்தது, பிரயோஜனம் பெருசா இல்லை. பாய் மெல்லிசு. ஹாஸ்டல்ல இருந்து நாலு பஞ்சு மெத்தையைத் தூக்கிட்டு வந்து நிறுத்தினோம், அதுதான் கேட்டுச்சு! பெட்டியை மூலையில இருந்து வெளியே இழுத்து, டிவீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு வர்ற மாதிரி வெச்சோம்.

திரை: முடிஞ்சா பெட்டிக்கு முன்னால மெல்லிசுத் துணித் திரை. 1994-ல ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ரெண்டு பேர் அமெரிக்காவுல ஹார்மன் கம்பெனியில 40 பேரை வெச்சு சோதிச்சாங்க. ஸ்பீக்கரைக் கண்ணால பார்த்துக்கிட்டு கேட்டப்போ கொடுத்த மார்க்குக்கும், பார்க்காம கேட்டப்போ கொடுத்த மார்க்குக்கும் நல்ல வித்தியாசம். பெருசா, விலை ஜாஸ்தியா இருந்தது, கண்ணுல பட்டதும் கூடுதல் மார்க் வாங்கிச்சு. கேட்டவங்க எல்லாரும் அதே கம்பெனி ஆளுங்கன்னா பாருங்க!

ரெண்டாவது எக்ஸிபிஷன்

2007-ல அதே காலேஜ், அதே எக்ஸிபிஷன். இந்தத் தடவை 20 வாட் ஆம்ப், ஈக்வலைசர் கிடையாது, பேசுற சத்தத்தைவிடக் கொஞ்சம் கூட. கூட்டம்? பக்கத்து ஸ்டால்ல சோப்பு நுரை பறக்கவிட்டுக்கிட்டு இருந்தாங்க, எல்லாம் அங்கேதான்! என் கிளாஸ் பசங்க எட்டிப் பார்த்துட்டு, "என்னல, சத்தமே இல்ல"ன்னு போயிட்டானுங்க. வயிறு எரிஞ்சது. துணி போட்டு மூடின அந்த ஈக்வலைசர் ஞாபகம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். நான்தான் போஸ்ட் கார்டு போட்டிருந்தேன். (போஸ்ட்மேனுக்குப் போஸ்ட் கார்டு!) "உங்க ஆம்பும் கேசட்டும் கொண்டு வாங்க"ன்னு எழுதியிருந்தேன். அதே துணிப்பையில கொண்டு வந்திருந்தார். அவர் ஆம்ப், அவர் டெக், அவர் கேசட். நான் ஒரு பட்டனையும் தொடலை, எல்லாம் அவரே போட்டார்.

குடம் கேட்டது. நிலம் அதிர்ற மாதிரி எல்லாம் இல்லை. ஒரு மண்குடத்து வாயில ஒரு மனுஷன் தட்டுற மாதிரி இருந்தது. அண்ணாச்சி அந்தப் பக்கம் முடியிற வரைக்கும் பேசலை. கேசட் 'டக்'குன்னு நின்னதும் கேட்டார்: "இது வீட்டுலயும் இப்படியேதான் கேக்குமா தம்பி?"

"சாமானெல்லாம் உங்களோடதுதானே அண்ணாச்சி. பெஞ்சை மட்டும் சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிடுங்க"ன்னேன்.

பணத்தை எண்ணி வெச்சார். முதல் தடவை மாதிரியே, ஒரு பைசா குறைக்காம.

அந்த எக்ஸிபிஷன்ல வித்தது ரெண்டே ஜோடி. ஆனா திரும்பி வந்தது எதுவும் இல்லை. அண்ணாச்சி வீட்டுல கேட்டுட்டு சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சின்னு ஒவ்வொருத்தரா வந்தாங்க. 12 ஜோடியும் விக்க ஒன்றரை வருஷம் ஆச்சு. சித்தி செயின் ஒரு ஆடி தப்பி, ரெண்டு ஆடி தப்பி, 2008 ஆடியிலதான் கழுத்துக்கு வந்தது. வட்டியைக் கூட்டிக் கழிச்சா சித்தப்பாவுக்கு லாபம்னு பெருசா ஒண்ணும் நிக்கலை. அதுக்கு முழுக் காரணம் நான்தான்.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, நாளைக்கு நீங்க ஒரு ஸ்டால்ல நிப்பீங்க. ஜட்ஜ் வருவார், கூட்டம் வரும், கைதட்டல் வேணும்னு கை துறுதுறுங்கும். அப்போ மேஜைக்கு அடியில குனிஞ்சு பாருங்க. ஏதாவது துணி போட்டு மூடியிருக்கா? எடுத்து மேல வைங்க. இல்லை, நீங்க கேட்கப் போற ஆளா? வெட்கப்படாம ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, இதுல எதெல்லாம் எங்க வீட்டுக்கு வரும்?"

அதுக்கு அவர் நேரா பதில் சொன்னா வாங்குங்க. மழுப்பினா, டவுனுக்கு பஸ் ஏறிடுங்க. அங்கே நிஜ அல்வாவே கிடைக்கும்!